தண்ணீர் மாதிரி ஒரு கருப்பு

ஒரு சொட்டுக் கருப்பை எவ்வளவு தண்ணீரில் கரைத்தால் அது கருப்பு இல்லாமல் போகும், சொல்லுங்கள் பார்ப்போம்? எனக்கும் தெரியாது. கல்யாணமாகி இந்த ஸ்டுடியோவுக்கு வந்ததிலிருந்து கரைத்துக்கொண்டுதான் இருக்கிறேன், இன்னும் அந்த இடத்துக்குப் போய்ச் சேரவில்லை. முதல் குப்பியில் இருப்பது தார். அதில் கொஞ்சம் எடுத்து அடுத்ததில் விட்டால் கடுங்காப்பி. அதில் எடுத்து அதற்கடுத்ததில் விட்டால் மழைக்கு மறுநாள் கரிசல் ஓடை. அப்புறம் சாம்பல் போட்டுச் சட்டி விளக்கிய தண்ணீர். அப்புறம் ஒன்றுமே இல்லை, பார்வைக்கு வெறும் தண்ணீர், ஆனால் தண்ணீர் இல்லை. அதற்குள்ளும் கரி இருக்கிறது, விறகடுப்புச் சுவரில் படிகிறதே அதே சாதிக் கரி, குறைந்திருக்கிறதே தவிரப் போய்விடவில்லை. இன்றைக்கு அதையும் தாண்டி ஒன்று கலக்க வேண்டியிருக்கிறது. இருப்பதிலேயே வெளிறிய மையை இன்னும் வெளிற வைக்க வேண்டும். முன்கடையில் பெஞ்சில் பேச்சி உட்கார்ந்திருக்கிறாள், அவள் அம்மாவின் முகம் அந்த வெளிறலுக்குள்தான் இருக்கிறது என்கிறார் என் வீட்டுக்காரர், இருந்தால். இருந்தால் என்று சொல்லிவிட்டு ஒரு காதுகுத்துக்குப் படமெடுக்கக் கிளம்பிப் போய்விட்டார். ஆம்பளைகளுக்கு அது சுலபம், ஒரு இருந்தாலைப் போட்டுவிட்டுப் பைக்கை உதைத்துவிடலாம். இருக்கிறதா இல்லையா என்று பார்க்கிற பாடு சிரிஞ்சைப் பிடித்திருக்கிறவளுக்கு. தொட்டிலுக்குள் ஆதிரை காலைத் தூக்கித் தூக்கிப் போடுகிறாள், சேலை ஒரு பக்கம் முட்டிக்கொண்டு முட்டிக்கொண்டு அடங்குகிறது. தூங்கிவிடடி என் தங்கமே, ஒரு குப்பி கலக்குகிற நேரம், அவ்வளவுதான், அப்புறம் நீ என்ன ராகம் வேண்டுமானாலும் போடு.

படம் அச்சடிக்கிற இந்த மெஷின் வாங்கும்போது கலர் மெஷின். சிவப்பு, மஞ்சள், நீலம் என்று அறை அறையாகப் பிரித்து வைத்திருந்தான் செய்தவன். எங்கள் பக்கத்து வீடுகளில் செத்தவர் படத்தை வாசலைப் பார்த்த சுவரில்தான் மாட்டுவார்கள், காலை வெயில் நேரே மூஞ்சியில் அடிக்கும், ராத்திரிக்கு ஒரு சிவப்பு பல்பு வேறு. கலர் மையில் போட்ட கருப்பு வெள்ளைப் படம் அந்த வெயிலுக்குத் தாங்காது. ஒரு அக்கா வந்து கவுண்டரில் படத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "உசுரோட இருக்கையில ஒருநாள் சட்டையக் கசங்க விடாத மனுசன் தம்பி, இப்பத் திருப்பிப் பாருங்க, பச்சையாப் போயிட்டாரு" என்றாள். திருப்பினால் ஆமாம், படித்துறைக் கல் மாதிரி பாசி பிடித்த மனுசன். அதற்கப்புறம்தான் இவர் வீடியோ வீடியோவாகப் பார்த்து, கலரையெல்லாம் கழுவி ஊற்றிவிட்டு, எல்லா அறையிலும் கரி மையையே ஒவ்வொரு பதத்தில் நிரப்பினார். கரி வெயிலுக்கு வெளுக்காது. எப்படி வெளுக்கும், எரிந்து முடிந்ததை வெயில் இனி என்ன செய்யும். மெஷினுக்கு இந்த விஷயம் தெரியாது, மஞ்சள் அடிக்கிறோம் நீலம் அடிக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு அது பாட்டுக்குக் கரியை அடித்துக்கொண்டிருக்கும் பாவம். முதலில் இவர்தான் கலக்கினார். அவர் கை அவசரக் கை. இருமல் டானிக்கை ஆட்டுகிற மாதிரி குப்பியைக் குலுக்கி, நுரை குழாய்க்குள் போய், ஒரு பெரியவர் நெற்றியில் குறுக்கே வெள்ளைக் கோடு கோடாக விழுந்துவிட்டது. விபூதிப் பட்டை மாதிரி லட்சணமாகத்தான் இருந்தது. என்ன, அவர் வேதக்காரர், சர்ச்சில் மணியடிக்கிற கோயில்குட்டியாராக இருந்தவர். மகன் வந்து படத்தைப் பார்த்து, "எங்கய்யாவ எப்பங்க மதம் மாத்துனீங்க" என்று கேட்டாரே, நான் உள்ளே ஓடி வந்து முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டேன். அன்றிலிருந்து கலக்குகிற வேலை என் கைக்கு வந்தது. குலுக்கக் கூடாது. கரி அடியில் போய் உட்கார்ந்திருக்கும், அதை எழுப்பவும் வேண்டும், நுரைக்கவும் கூடாது. தூங்குகிற பிள்ளையை மறுபக்கம் புரட்டிப் படுக்க வைக்கிற மாதிரி குப்பியை மெதுவாகத் தலைகீழாக்கி, மெதுவாக நிமிர்த்தி, மறுபடி. அப்புறம் தண்ணீர். குழாய்த் தண்ணீர் ஆகாது, எங்கள் ஊர்த் தண்ணீரில் பருப்பே வேகாது, அதில் கரி எங்கே ஒத்துப்போகும், திரிந்த பால் மாதிரி திட்டுத் திட்டாக இறங்கிவிடும். அதனால் பேட்டரிக் கடையில் விற்கிற காய்ச்சி வடித்த தண்ணீர், அதில் துளி கிளிசரின். இதோ புரட்டுகிறேன். கருப்பு குப்பியின் கழுத்து வரை சோம்பேறித்தனமாக வந்து போகிறது. எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு ஒரே நினைப்புதான் ஓடும், இந்த ஒரு குப்பிக்குள் இன்னும் யார் யார் முகமெல்லாம் இருக்கிறதோ, கண்ணும் புருவமும் மீசையும் எல்லாம் ஒன்றாகக் கரைந்து, ஆளாளுக்குப் பிரிந்து போகக் காத்துக்கொண்டு.

பேச்சி பெஞ்சில் காலை ஆட்டிக்கொண்டிருக்கிறாள் போல, பெஞ்சு கிரீச்சிடுகிறது. "அக்கா, வேன் வந்துரும்" என்றாள் கொஞ்ச நேரம் முன்னால், அவசரப்படுத்துகிற குரலில் இல்லை, தகவல் சொல்கிற குரலில். கடலைமிட்டாய்க் கம்பெனியில் பாக்கிங் வேலை, கையைக் காட்டினால் வெல்ல வாசனை அடிக்கும். இன்றைக்கு இவள் கல்யாணத்துக்கு முகூர்த்தப் பட்டு எடுக்கப் போகிறார்கள், மாப்பிள்ளை வீட்டு வேன் இந்த முக்குக்கே வரும். பட்டு எடுக்கப் போகும் முன்னால் வீட்டில் செத்தவர்கள் படத்துக்கு முன்னால் விழுந்து கும்பிட்டுவிட்டுப் போவது வழக்கம், இவளுக்கு விழுவதற்குப் படம் இல்லை. இல்லையென்று இல்லை. மூன்று இருக்கிறது. அதுதான் தொந்தரவு. மூலப் படம் ஒன்றே ஒன்று, இவள் கைக்குழந்தையாக இருக்கையில் எடுத்த காதுகுத்துப் படம். எடுத்தவன் பிளாஷை மூஞ்சிக்குள் கொண்டுபோய் வைத்து அடித்துவிட்டான், அம்மா முகம் சுண்ணாம்பு அடித்த சுவர். அடுத்த மழைக்காலக் காய்ச்சலில் அம்மா போய்விட்டாள். அப்பா வேறு கல்யாணம் செய்துகொண்டு திருப்பூர்ப் பக்கம் போய்விட்டார், வளர்த்தது அத்தை. பேச்சி சம்பாதிக்க ஆரம்பித்ததும் அந்தப் படத்தைத் தூக்கிக்கொண்டு ஸ்டுடியோ ஸ்டுடியோவாகப் போயிருக்கிறாள், போன இடத்திலெல்லாம் கம்ப்யூட்டரில் கண்ணும் வாயும் வரைந்து கொடுத்துவிட்டார்கள். "ஒருத்தன் மை போட்ட கண்ணு வச்சான், ஒருத்தன் பூனக் கண்ணு வச்சான், இன்னொருத்தன் பல்லுத் தெரியச் சிரிக்க வச்சுட்டான். வீட்டுல மூணு அம்மா இருக்காகக்கா, ஒருத்தியும் எங்கம்மா இல்ல" என்றாள். அதுவும் போகட்டும். அத்தை ஒரு கதை சொல்லியே வளர்த்திருக்கிறாள். உங்கம்மாவுக்குச் சிரிக்கத் தெரியாது, எல்லாத்துக்கும் சிடுசிடுப்பு, காதுகுத்தும் அதுவுமா பிள்ளையைத் தூக்கி வச்சுக்கிட்டு மூஞ்சிய உம்முன்னு வச்சிருந்தா, அந்தப் படத்துல வாயப் பாரு என்று. அந்த வெள்ளையில் வாய் இருக்கிற இடத்தில் மட்டும் ஒரு சின்ன நிழல் உண்டு, கூம்பின மாதிரி. "எனக்கும் கோவம் வந்தா வாய் அப்படித்தான் போகுமாம். அதனால நான் கோவப்படுறதே இல்லக்கா" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு பெண் ஒரு சின்ன நிழலுக்குப் பயந்து இத்தனை வருஷம் கோபப்படாமல் இருந்திருக்கிறாள். என்னையெல்லாம் கோபப்படாதே என்றால் என்னால் அடுப்புப் பற்றவைக்கவே முடியாது.

நெகட்டிவைக் கொண்டுவந்ததுதான் அவள் செய்த புத்திசாலித்தனம். கல்யாணத்துக்கு டிரங்குப் பெட்டியை ஒதுக்கும்போது பழைய ஸ்டுடியோ கவருக்குள் துண்டு பிலிம் கிடந்திருக்கிறது. இவர் அதை டியூப்லைட்டுக்கு நேரே பிடித்துவிட்டு, "செம்பகம், இங்க வா" என்று என்னைக் கூப்பிட்டார், அந்தக் குரலில் கூப்பிட்டால் ஒன்று பல்லி விழுந்திருக்க வேண்டும் இல்லை அதிசயம் நடந்திருக்க வேண்டும். நெகட்டிவில் எல்லாம் தலைகீழ், வெள்ளை கருப்பு, கருப்பு வெள்ளை, அது எனக்குத் தெரியும். ஆனால் படத்தில் ஒன்றுமே இல்லாத அந்த முகம் நெகட்டிவில் இருக்கிறதிலேயே கருப்பாக, நிலக்கரி மாதிரி கெட்டியாக இருந்தது. "வெளிச்சம் கூடிப் போச்சுன்னா மூஞ்சி போயிருச்சுன்னு அர்த்தம் இல்ல. மூஞ்சி நெறைய வந்து சேந்திருக்குன்னு அர்த்தம். பிரிண்டு போட்டவனுக்குத்தான் அதப் பிரிச்செடுக்கத் தெரியல" என்றார். அந்த வார்த்தை என்னை விடவே இல்லை, சோறு வடிக்கும்போதும் துணி பிழியும்போதும் நிறைய வந்து சேர்ந்திருக்கு, நிறைய வந்து சேர்ந்திருக்கு என்று ஓடிக்கொண்டிருந்தது. ஸ்கேன் செய்தார். எங்கள் பழைய மானிட்டரில் வெள்ளை எல்லாம் ஒரே வெள்ளை, ஒன்றும் தெரியவில்லை. ஆனால் மௌஸை அந்த வெள்ளை மேலே நகர்த்தினால் ஓரத்தில் வெளிச்சத்தின் அளவைக் காட்டுகிற எண் மாறியது. மூக்கு இருக்கும் என்கிற இடத்தில் ஒரு எண், கன்னம் என்கிற இடத்தில் வேறு எண். கண்ணுக்குத் தெரியாதது எண்ணுக்குத் தெரிகிறது. நான் மௌஸை வாங்கி அவள் முகத்தின் மேல் மெதுவாக, தொட்டுப் பார்க்கிற மாதிரி ஓட்டினேன், எண்கள் ஏறி இறங்கின, நெற்றியில் ஏறி, எங்கோ ஒரு குழியில் இறங்கி. கம்ப்யூட்டரிலேயே அந்த வித்தியாசத்தை இழுத்துப் பெரிதாக்கிப் பார்த்தார், முகம் தேமல் விழுந்த மாதிரி உடைந்துபோனது. இருந்த வெளிறிய மையில் அச்சடித்தோம், முகமெல்லாம் மிளகுத்தூள் தூவிய மாதிரி புள்ளி. அதற்கு மேல் போக வேண்டுமென்றால் மை அதைவிட வெளிற வேண்டும், ஒவ்வொரு புள்ளியும் கண்ணுக்குத் தெரியாமல், ஆனால் எல்லாம் சேர்ந்தால் தெரிகிற மாதிரி. காலையில் கிளம்பும்போது குரலைத் தாழ்த்தி, "ஒண்ணும் வரலன்னா நானே வந்து லேசா ஒரு கண்ண வரஞ்சு குடுத்துடறேன். கல்யாணப் பொண்ணு, வெறுங்கையோட அனுப்ப வேணாம்" என்றார். நல்ல மனசில்தான் சொன்னார். "நாலாவது அம்மாவா" என்று கேட்டேன். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டார்.

சிரிஞ்சில் வெளிறிய மையை இழுத்து, புதுக் குப்பியில் விட்டேன். இப்போது தண்ணீர். ஒரு சிரிஞ்சு. இரண்டு. ஆதிரை ம்ம் என்கிறாள். இல்லைடா, இல்லை, அம்மா இங்கேதான் இருக்கேன், ஒரு கையால் தொட்டிலை இழுத்து விடுகிறேன், மறு கையில் சிரிஞ்சு நிறைந்து இருக்கிறது. இது மூன்றா, நாலா. ஊற்றிவிட்டேனா, இழுத்துத்தான் வைத்திருக்கிறேனா. குப்பியைப் பார்த்தால் தெரியாது, எல்லாம் தண்ணீர். இதுதான் இந்தக் கடைசிக் குப்பியில் உள்ள கஷ்டம், தாரில் தப்புச் செய்தால் தாரே சொல்லிவிடும், இதில் தப்புச் செய்தால் சொல்ல ஆள் கிடையாது. ஒரு சிரிஞ்சு கூடினால் அவள் முகம் இல்லாமலே போய்விடும், காகிதம் வெள்ளையாக வரும், பேச்சி பார்த்துவிட்டு, சரிக்கா பரவாயில்ல என்பாள், கோபப்படக்கூட மாட்டாள், அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. ஒரு முகம் இருக்கிறதும் இல்லாததும் ஒரு சிரிஞ்சுத் தண்ணீரில். அன்றைக்கு என் போனை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆதிரை குப்புற விழுந்தது, ஆதிரை சோப்பைக் கடித்தது, ஆதிரை கொட்டாவி விட்டது, தள்ளத் தள்ள வருகிறது. நான் எங்கே என்று தேடினேன். ஒரு கை இருக்கிறது, கழுத்துக்கு அண்டை கொடுத்து. ஒரு படத்தில் மடி. ஒன்றில் சுவரில் நிழல், போனைத் தூக்கிப் பிடித்த நிழல். ஸ்டுடியோக்காரன் பெண்டாட்டி, ஊர் முகத்தையெல்லாம் கரைத்துக் கரைத்து ஊற்றுகிறவள், எனக்கு ஒரு முகம் இல்லை. நாளைக்கு எனக்கு ஒன்று ஆனால் இவள் இந்தக் கையை வைத்துக்கொண்டு என்ன கதை கேட்பாள், யார் என்ன கதை சொல்வார்கள். உங்கம்மா பொழுதன்னைக்கும் சிரிப்பாளே என்பார்களா, உங்கம்மா சிரிஞ்சைப் பிடித்துக்கொண்டு எண்ணத் தெரியாமல் நிற்பாளே என்பார்களா. சீ, என்ன நினைப்பு இது, விளக்கு வைத்த மாதிரி வெயில் அடிக்கிற நேரத்தில். எண்ணிக்கை போனால் போகட்டும், கண் இருக்கிறது. போட்டோ காகிதத்துண்டில் பழைய மை ஒரு சொட்டு, புது மை ஒரு சொட்டு, பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காய விட்டேன். பழையது மேகத்தின் ஓரம் மாதிரி. புதியதைத் தேட வேண்டியிருக்கிறது. நேராகப் பார்த்தால் காகிதம்தான். ஜன்னலுக்குச் சாய்த்தேன், இல்லை, இன்னும் கொஞ்சம், இல்லை, இன்னும், ஆ, இதோ ஒரு வட்டம், காய்ந்த கண்ணீர்த் தடம் அளவுக்கு. வெள்ளையும் இல்லை, வெள்ளை அல்லாததும் இல்லை. சரியாக அந்த வாசலில் நிற்கிறது. சிரிஞ்சில் மிச்சமிருந்த தண்ணீரைக் கீழே கொட்டினேன். போதும்.

மெஷினின் மை அறையில் நிரப்பி, மூடியை அமுக்கி, காகிதத்தைக் கொடுத்தேன். மெஷின் தொண்டையைச் செருமிக்கொண்டு, இழுத்து, நிறுத்தி, யோசித்து, மறுபடி இழுக்கிறது. தலைதான் முதலில் வரும். கருப்பு மயிர், நடுவகிடு, அது எப்போதும் வந்ததுதான். அப்புறம் நெற்றி. வெள்ளை. மெஷின் போய்ப் போய் வருகிறது, ஒன்றும் அடித்த மாதிரி இல்லை, வெறும் காகிதத்தின் மேல் அதுபாட்டுக்கு உழுதுகொண்டிருக்கிறது. இல்லை போல. தண்ணீர் கூடிவிட்டது, மூன்று இல்லை நாலு, நாலு இல்லை ஐந்து. வெள்ளை. வெள்ளை. அப்புறம் அந்த வெள்ளையில் ஒரு பக்கம் இன்னொரு பக்கத்தைவிட லேசாகத் தாழ்ந்தது. அவ்வளவுதான் சொல்ல முடியும், தாழ்ந்தது. நெற்றி வளைந்தது. யாரும் வரையவில்லை, கோடு என்று ஒன்று எங்கேயும் இல்லை, விடிகிற நேரத்தில் சாமான்கள் தெரிய ஆரம்பிக்குமே, எப்போது தெரிந்தது என்று சொல்ல முடியாமல், அந்த மாதிரி புருவம் தெரிந்தது, இமை தெரிந்தது. இமை கீழே பார்க்கிறது. மூன்று ஸ்டுடியோக்காரனும் நம்மைப் பார்க்கிற கண்ணை வரைந்தார்களே, அவள் நம்மைப் பார்க்கவே இல்லை, கேமராக்காரன் ஒருத்தன் நிற்கிறான் என்கிற நினைப்பே அவளுக்கு இல்லை. என் வயசுதான் இருக்கும். மூக்கின் பக்கத்தில் ஒரு பொட்டு மூக்குத்தி. கன்னம் வந்தது, இவ்வளவு உருண்டையா என்று நினைத்தேன், பேச்சிக்கு ஒட்டிய கன்னமாயிற்றே. அப்புறம் வாய். அந்த நிழல். கூம்பின வாய்தான், அத்தை பொய் சொல்லவில்லை. ஆனால் இப்போது உதட்டைச் சுற்றி மற்றதெல்லாம் இருக்கிறது, உப்பின கன்னம், குனிந்த கண், இழுத்து முன்னால் நீட்டிய கழுத்து, அது எல்லாம் சேர்ந்து எங்கே போகிறது என்று பார்த்தால், கீழே, சந்தனம் பூசிய மொட்டைத் தலை, அழுது கிழிகிற வாய், அந்தத் தலையின் பக்கவாட்டில் சின்னக் காது. காதில் புதுக் கம்பி. எனக்கு அப்போதுதான் உறைத்தது. காது குத்தும்போது பிள்ளை தாய்மாமன் மடியில் அல்லவா இருக்கும். இது குத்தி முடித்த பிறகு. அண்ணன் மடியிலிருந்து பிடுங்கியிருக்கிறாள். பிடுங்கி, கூட்டத்தையும் போட்டோக்காரனையும் விட்டுவிட்டு, பிள்ளை காதுக்கு நேரே வாயைக் குவித்து ஊதிக்கொண்டிருக்கிறாள். எரியும் என்று ஊதிக்கொண்டிருக்கிறாள். இத்தனை வருஷமாக ஊதிக்கொண்டே இருந்திருக்கிறாள், அந்தச் சுண்ணாம்பு வெள்ளைக்குள்ளே, யாருக்கும் தெரியாமல், மூச்சு விடாமல். காகிதத்தைத் தொடக்கூடாது, ஈரம் படக்கூடாது, நான் என் முகத்தைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு ஒரு எட்டு தள்ளி நின்றேன், மெஷின் மீதியை அடித்து முடித்து, காகிதத்தைக் கீழே விட்டுவிட்டு, ஒன்றும் நடக்காத மாதிரி சும்மா இருந்தது.

"பேச்சி, வா" என்றேன். என் குரல் எனக்கே வேறு மாதிரி கேட்டது, அவளும் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தாள், இங்கே யாரும் செருப்பைக் கழற்றுவதில்லை. நான் பார்த்ததைச் சொன்னால் அது இன்னொரு கதையாகிவிடும். ஓரத்தைப் பிடித்துப் படத்தை ஜன்னலண்டை வைத்தேன். குனிந்தாள். ரொம்ப நேரம் குனிந்தே இருந்தாள், வெல்ல வாசனை வந்துகொண்டிருந்தது. வெளியே வேன் வந்து நின்று ஆரன் அடித்தது, அத்தையின் குரல், "ஏட்டி பேச்சி, பட்டு எடுக்க வாரியா, அங்கனயே குடித்தனம் நடத்தப் போறியா, மாப்ள வீட்டுக்காரவுக வெயில்ல காயுறாக" என்று தெருவையே கூட்டியது. பேச்சி திரும்பவில்லை. விரலை நீட்டினாள், காகிதத்தைத் தொடாமல், அந்த வாய்க்கும் அந்தக் காதுக்கும் நடுவில் இருந்த வெறும் வெள்ளையைக் காட்டினாள். "இந்த எடத்துல ஒண்ணும் அடிக்கலியாக்கா" என்றாள். "இல்ல. அது காகிதம்." "காகிதம்தானா" என்று கேட்டுக்கொண்டாள். அவள் வாய் மெதுவாகக் குவிந்தது, எனக்குத் தெரியாமல் குவிகிறது என்று நினைத்திருப்பாள், அந்தச் சின்ன நிழல் அப்படியே அவள் உதட்டில் வந்து உட்கார்ந்தது. தொட்டிலில் ஆதிரை தூங்கிவிட்டிருந்தாள், சேலை அசையவில்லை. விழுந்து கும்பிடத்தான் போகிறாள் என்று நான் தரையில் கிடந்த சிரிஞ்சையும் துணியையும் ஒதுக்கினேன். அவள் விழவில்லை. முழங்காலிட்டு என் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள், பூ வைப்பதற்காக எண்ணெய் தேய்த்துப் படிய வாரியிருந்த முடியை ஒரு பக்கம் ஒதுக்கி, தோட்டைக் கழற்றிக் கைக்குள் மூடிக்கொண்டாள், காதை எனக்கு நேரே காட்டினாள்.

"அக்கா, இந்தக் காதுதான். ஒரே ஒரு தடவ ஊதிவிடுங்களேன்."